சாம்பிராணிப் பெட்டி

என் மூக்கு பொல்லாத மூக்கு. ஊதுவத்தி ஏற்றிய அறைக்குள் கால் வைத்த உடனேயே அது பூவிலிருந்து வந்த வாசனையா, புட்டியிலிருந்து வந்த வாசனையா என்று சொல்லிவிடுவேன். புட்டியிலிருந்து வந்தது என்றால் சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும். கொலு வைத்த வீடுகளில் சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பியிருக்கிறேன். அதனால் தலைக்கனம் பிடித்தவள் என்று குரோம்பேட்டையில் பாதிப் பேரிடம் பெயர் வாங்கியாயிற்று. ஆனால் கட்டிச் சாம்பிராணியை உடைத்துத் தணலில் போட்டு, அந்த முதல் வெள்ளைப் புகை சுருண்டு எழும்போது என் வாய் தானாக மூடிக்கொள்ளும். இது என் கணவர் பலமுறை சொல்லிக்காட்டிய உண்மை.

மரச் சாமான்கள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியமும் இந்த மூக்கிலிருந்து வந்ததுதான். எவர்சில்வர் எதையும் வைத்துக்கொள்ளாது. தேய்த்துக் கவிழ்த்தால் நேற்று அதில் சாம்பார் இருந்ததா பாயசம் இருந்ததா என்று அதற்கே தெரியாது. மரம் அப்படியல்ல. மோர் கடைந்த மத்தைக் கழுவிக் காயவைத்து ஒரு வாரம் கழித்து முகர்ந்து பாருங்கள். மரச்சீப்பு தலையின் எண்ணெயைக் குடித்துக் குடித்துக் கறுக்கும். ஊரே பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பழைய புடவையைப் போட்டுக்கொண்டிருந்த எண்பதுகளில் நான் அகப்பையும் உப்பு மரவையும் கடைந்த கிண்ணமுமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். “வீட்டுக்குள்ளேயே ஒரு விறகுக் கடை வெச்சுட்டா” என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வருகிறவர்களும் சிரித்துவைப்பார்கள்.

இந்த இரண்டு பைத்தியமும் எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தவை.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தோம். வெள்ளிக்கிழமை என்றால் அம்மாவுக்கு எண்ணெய்க் குளியல். குளித்துவிட்டு வந்து, தூபக்காலில் தணல் போட்டு, அதன் மேல் சாம்பிராணியைத் தூவி, ஒரு பிரம்புக் கூடையை அதன் மேல் கவிழ்த்து வைப்பாள். பிறகு பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, ஈரத் தலைமுடியை அந்தக் கூடையின் மேல் பரப்பிவிடுவாள். கூடையின் கண்களிலிருந்து புகை கசிந்து முடிக்குள் ஏறும். வாரம் முழுக்க வேலை செய்து ஓய்ந்த மனுஷி அந்த அரை மணி நேரம்தான் கண்ணை மூடிக் கிடப்பாள். அப்போது அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அண்ணாவும் நானும் கதவருகில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்போம். முடி காய்ந்ததும் எழுந்து, தன் மரச்சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, அந்தச் சீப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடுவாள்.

அது பலாமரப் பெட்டி. கல்யாணமான புதிதில் அப்பா அவளைத் திருநீர்மலைக்குக் கூட்டிப்போனபோது, மலையடிவாரத்தில் கடை போட்டிருந்த ஒரு தச்சரிடம் வாங்கிக் கொடுத்தாராம். ஒரு தேங்காய் மூடியை உள்ளே வைத்து மூடலாம், அவ்வளவுதான் அளவு. ஆணி கிடையாது, பலகையின் பல்லும் பல்லும் கோத்துச் செய்த மூலைகள். மூடியின் நடுவில் ஒரு தாமரை செதுக்கியிருக்கும். இதழ்கள் ஒன்றுபோல் இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதற்குள் சாம்பிராணிக் கட்டிகள், ஒரு பிடி வெட்டிவேர், கொண்டை ஊசிகள், சீப்பு. வருஷக்கணக்காக இவையெல்லாம் ஒன்றோடொன்று பழகி, பெட்டிக்கென்று ஒரு வாசனை வந்துவிட்டது. அம்மா குனிந்து என் நெற்றியில் பொட்டு வைக்கும்போது வரும் வாசனையும் அதுவேதான்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்துக்கு வந்தேன். அப்போது அங்கே வீட்டுக்கு வீடு நடுவே காலி மனைகளும், மழை பெய்தால் முழங்கால் சேறும்தான். எங்கள் வீட்டை அடையாளம் சொல்வது மட்டும் சுலபம்: பச்சை வீடு. என் மாமனார் பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் பெயின்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் வாசல் கேட்டுக்கு இலைப்பச்சை எனாமல் அடிப்பார். கேட்டுக்கு அடித்தது போக டப்பாவில் மிச்சம் இருக்கும். பெயின்ட்டை மிச்சம் வைத்தால் ஆடை கட்டிவிடும், வீணாக்கக் கூடாது. ஆகவே ஜன்னல் கம்பி பச்சை. முக்காலி பச்சை. மோட்டார் பெட்டி, கிணற்று ராட்டினம், கோலப்பொடி டப்பா எல்லாம் பச்சை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மிச்ச நிறம் உண்டு. அடுத்த வீட்டில் அது ஊதா. ஆனால் மாமனார் அளவுக்கு முழு மனதோடு அதைச் செய்தவர் யாருமில்லை. ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டால் நமக்கும் ஒரு கை அடித்துவிடுவார் என்று என் கணவர் கேலி செய்வார்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாமனார் அதிகம் பேசாத, யாரையும் நோகடிக்காத மனிதர். அவருக்கு இழுப்பு. மார்கழி வந்துவிட்டால் அவர் மூச்சு விடுவது அடுத்த அறைக்குக் கேட்கும். புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அந்த வீட்டில் கொசுவத்திகூடக் கிடையாது. சாமிக்கு வெறும் கற்பூரம், அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும். சாம்பிராணி போடக் கூடாது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. யார்மீது கோபப்படுவது என்றே தெரியாமல் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு வழி கண்டுபிடித்தேன். சைதாப்பேட்டையில் எனக்கு அலுவலகம். வெள்ளிக்கிழமை மாலையில் குரோம்பேட்டையில் இறங்காமல் மின்சார ரயிலில் தாம்பரம் வரை போய், அம்மாவின் புகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அந்த ஏற்பாடு அதிக நாள் நீடிக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். காரியமெல்லாம் முடிந்தபிறகு அண்ணா என்னிடம், “அம்மா ஞாபகமா ஏதாவது எடுத்துக்கோ. அந்தப் பெரிய வெண்கலப் பானை வேணும்னா எடுத்துக்கோ” என்றான். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அண்ணி, “இது மட்டும் போதுமா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

பெட்டியைத் திறந்தால் அம்மா இருந்தாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோவில் இருந்தவள் யாரோ. கேமராவைப் பார்த்து மிரண்டு நிற்கும் ஒரு பெண். பெட்டிக்குள் இருந்தவள்தான் அம்மா. ஆனால் திறக்கத் திறக்க வாசனை குறையும் என்பது என் மூக்குக்குத் தெரியும். அதனால் தினமும் திறக்க மாட்டேன். அலுவலகத்தில் யாராவது மனது நோகப் பேசிவிட்டால், வீட்டில் சண்டை வந்தால், உடம்பு முடியாமல் போனால், அன்றைக்கு மட்டும் மூடியைத் தூக்கி, ஒரு மூச்சு இழுத்து, உடனே மூடிவிடுவேன். கஞ்சத்தனமாகச் செலவழித்தால் கிழவியாகும்வரை வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெட்டியை என் விறகுக் கடைச் சாமான்களோடு சுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மூக்கு உள்ள யாருக்கும் திறந்தால் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன்.

அடுத்த மார்கழி. ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறேன், ரயில்வே கேட் போட்டு நெடுநேரம் நின்றுவிட்டு எரிச்சலோடு வருகிறேன், வாசல் கேட் பளபளவென்று ஈரப் பச்சையில் நிற்கிறது. ‘தொடாதே’ என்று சாக்பீஸில் எழுதிய அட்டை தொங்குகிறது. பொங்கல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாகப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே துவைக்கும் கல்லின் மேல், பழைய செய்தித்தாள் விரித்து, என் மரச் சாமான்கள் எல்லாம் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் அம்மாவின் பெட்டி. மூடி திறந்திருந்தது. தாமரை பச்சை. பலகை பச்சை. உள்பக்கம் பச்சை.

மாமனார் கையில் பிரஷ்ஷோடு நிமிர்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

“வாம்மா. நல்ல வேளை, இன்னைக்குப் பார்த்தேன். கரையான் சுவத்துல ஏறி உன் அலமாரி வரைக்கும் வந்துடுச்சு. பெட்டிக்கு ஒரு சாண் பாக்கி. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மாவா அரிச்சிருக்கும்.”

நான் பெட்டியையே பார்த்தபடி நின்றேன். அதை அவர் ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார்.

“உள்ளேயும் ரெண்டு கோட்டிங் குடுத்திருக்கேன். இனிமே கரையான் கிட்டயே வராது. உள்ள கெடந்த பிசின் கட்டி, வேர்க்குச்சி எல்லாம் ஒரே தூசிம்மா, கொட்டிட்டேன். சீப்புலதான் எண்ணெய்ப் பிசுக்கு போகமாட்டேங்குது. சோடா உப்பு போட்டு ஊற வெச்சிருக்கேன்.”

கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் அம்மாவின் சீப்பு நுரைக்குள் நின்றது. ஏற்கெனவே வெளுத்திருந்தது.

“சரி மாமா” என்றேன். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அன்று கூடச் சேர்ந்து அழ நிறைய பேர் இருந்தார்கள்.

என் கணவர் வந்து கதவைத் தட்டி, சிவந்த முகத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, ஆண்பிள்ளைகள் சொல்வதைச் சொன்னார். “பெட்டிதானே. திருநீர்மலையில இதே மாதிரி வேற வாங்கித் தரேன்.”

“வேற அம்மா வாங்கித் தருவீங்களா?” என்றேன்.

அவர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். மண்ணெண்ணெயில் பிரஷ் அலசும் சத்தம் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் கணவர் தாழ்ந்த குரலில் பேசினார். அலசும் சத்தம் நின்றது. அன்று மாமனார் சாப்பிட வரவில்லை. மறுநாள் காலையில் நான் காபி கொடுத்தபோது டம்ளரை வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்தத் தலைமுறை ஆண்களிடம் இல்லை. அவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்திருக்காது. எனக்கும் அவருக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லும் மனநிலையிலும் நான் இல்லை.

அன்று மாலை திரும்பியபோது பின்கட்டில் கரகரவென்று ஒரு சத்தம். மாமனார் உடைந்த கண்ணாடிச் சில்லை வைத்துப் பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மடியில் பச்சைத் துகள்கள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அடுத்த நாளும் அதே சத்தம், அதற்கடுத்த நாளும். கண்ணாடி போகாத இடத்தில் உப்புத்தாள், உப்புத்தாள் போகாத இடத்தில் ஊசி. தாமரையின் இதழ் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய்ப் பச்சையை எடுத்தார். பொங்கல் வந்து போயிற்று. அந்த வருஷம் முக்காலிக்கும் மோட்டார் பெட்டிக்கும் பச்சை கிடைக்கவில்லை. டப்பாவிலிருந்த மிச்சம் ஆடை கட்டிப்போயிற்று.

கடைசியில் மரம் வெளியே வந்தது. அம்மா காலத்துக் கறுப்பு அல்ல. அப்பா வாங்கியபோது இருந்திருக்கக்கூடிய மஞ்சள். மூலைகளில் பல் கோத்த இடுக்குகளில் மட்டும் பச்சை நூல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முகர்ந்து பார்த்தேன். பெயின்ட்டில் கலக்கும் டர்பன்டைன். நல்லா வந்திருக்கு மாமா என்று சொல்லிவிட்டு அலமாரியில் வைத்தேன். அன்றைக்கே அதைத் திறக்கும் ஆசையை விட்டுவிட்டேன். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தெருமுனையில் திரும்பும்போதே என் மூக்கு நின்றுவிட்டது. சாம்பிராணி. அதோடு கலந்து, சகிக்க முடியாத வேறொரு நாற்றம், ஏதோ டயரோ ரப்பரோ எரிகிற மாதிரி. எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வரும் கீரைக்காரம்மா எதிரில் வந்தாள்.

“இன்னாம்மா, ஒங்க வூட்டுப் பெரியவரு மூஞ்சில துண்டக் கட்டிகினு பொகை போட்டுகினு கீறாரு? கொசுவுக்கா?” என்றாள்.

ஓடினேன். பின்கட்டில், கிணற்றுக்கு அந்தப் பக்கம், மாமனார் ஈரத் துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முன்னால் கொட்டாங்கச்சித் தணல். அதிலிருந்து புகை. புகைக்கு மேல் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார், அம்மா கூடையைக் கவிழ்த்ததுபோல. கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் கேட்டது.

“மாமா! என்ன பண்றீங்க? உங்களுக்குப் புகை ஆகாதே!”

“காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது” என்றார் துண்டுக்குள்ளிருந்து. காற்று நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “உங்க அண்ணி வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்தேம்மா, உங்கம்மா என்னென்ன போடுவாங்கன்னு. தாம்பரம் மார்க்கெட்ல நாட்டு மருந்துக் கடையில எல்லாம் வாங்கினேன். வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு. அப்புறம் காய்ஞ்ச கமலா ஆரஞ்சுத் தோல் ஒண்ணு. அது போடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்தப் புகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த என் பொல்லாத மூக்குக்கு அது தெரியவில்லை. ஆனால் அப்போது என்னால் அதை யோசிக்க முடியவில்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தேன். தணல் போட்டிருந்தது தூபக்காலில் அல்ல. காலியான இலைப்பச்சை பெயின்ட் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் தணலைக் கொட்டியிருந்தார். உள்சுவரில் காய்ந்திருந்த பெயின்ட் குமிழ் குமிழாகப் பொரிந்து எரிந்துகொண்டிருந்தது.

“மாமா, பெயின்ட் எரியுது! நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது. உங்களுக்குத் தெரியலையா?”

அவர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். துண்டை அவிழ்த்தார். டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாத்தம் வருதா?” என்றார். பிறகு, ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர் மாதிரி, “எனக்கு வாசனை தெரியாதும்மா. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. ரொம்ப வருஷமாச்சு. உன் மாமியாருக்கு மட்டும்தான் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லிக்கல” என்றார்.

பெயின்ட் வேலையால் போனதா, இழுப்பால் போனதா, அவருக்கே தெரியாது. என் கணவருக்கும் அன்றுதான் தெரியும். எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திரிந்துபோன பாலில் போட்ட காபியை ஒன்றும் சொல்லாமல் குடித்தது. அடிப்பிடித்த பாயசத்தை நன்றாயிருக்கிறது என்றது. நான் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு முன்னால் போனால் கடையில் கேட்பதுபோல, “என்ன பூம்மா?” என்று கேட்டது. இப்படிப்பட்டவருக்கு, ஒரு பெட்டிக்குள் ஓர் ஆள் இருக்க முடியும் என்று எப்படித் தெரிந்திருக்கும்? பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பிசின் கட்டியும் வேர்க்குச்சியும் அழுக்குச் சீப்பும் இருந்தன. அவ்வளவுதான் இருந்தது அவருக்கு.

என் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பரிதாபமல்ல, வேறென்னவோ. நான் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, டப்பாவைக் குச்சியால் தள்ளிவிட்டு, தணலின் மேல் தண்ணீர் ஊற்றினேன். “வேண்டாம் மாமா. போனது போகட்டும்” என்றேன். அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்தபோது மண் தூபக்கால் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அவருடையவை ஆயின. நான் வீடு திரும்பும் நேரத்துக்குத் தணல் தயாராக இருக்கும். ஈரத் துண்டு கட்டியிருக்கும். பெட்டியைப் புகைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்திருந்துவிட்டு, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கொண்டுவந்து மூக்கருகில் நீட்டுவார். “வந்துடுச்சாம்மா?” என்பார். வேறு யாரிடம் கேட்பார்? அவருக்கு இருந்த ஒரே மூக்கு என்னுடையது.

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். “இன்னும் இல்ல மாமா, டர்பன்டைன் வாசனைதான் முன்னால வருது.” தலையாட்டிக்கொண்டு போவார். ஆனால் அவர் இருமலைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம் வந்தது. நான் இல்லை என்று சொல்லும்வரை இந்த மனிதர் புகையை விழுங்கிக்கொண்டேதான் இருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, நீண்ட மூச்சு இழுத்து, கண்ணை மூடித் திறந்து, “வந்துடுச்சு மாமா! அப்படியே அம்மா வாசனை” என்றேன். நன்றாகத்தான் நடித்தேன் என்று நினைத்தேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பொய் சொல்ற” என்றார். “மோந்து பார்த்தா மூஞ்சி எப்படி மாறும்னு எனக்குத் தெரியும்மா. நான் அதை வெச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டிக்கிட்டிருக்கேன்.”

அதற்குமேல் நான் பொய் சொல்லவில்லை. ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். மழைக் காலத்திலும் மார்கழியிலும் தூபக்காலை நான் ஒளித்து வைத்துவிடுவேன். தை பிறந்தால் எடுத்துக் கொடுப்பேன். புகை கிணற்றுக்கு அந்தப் பக்கம்தான். திருநீர்மலை உற்சவத்துக்குத் தனியாகப் போய், வெளுத்துப்போன பழைய சீப்புக்குப் பதிலாக ஒரு புது மரச்சீப்பு வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்தார். பழைய சீப்பையும் எறியவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கட்டும் என்றார். காலி மனைகளில் வீடுகள் எழும்பின. கிணறு வற்றி, போர் போட்டோம். பக்கத்தில் ஃபிளாட் வந்து, அவர்கள் துணி உலர்த்தும் பால்கனி எங்கள் பின்கட்டைப் பார்த்தபடி அமைந்தது. புகை வருகிறது என்று மேலிருந்து யாராவது குரல் கொடுத்தால், “காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது” என்று கீழிருந்து ஒரே பதில்தான். வாசல் கேட் மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பச்சை. மிச்சம் பெயின்ட்டை என்னிடம் காட்டி, “எதுக்காவது அடிக்கட்டுமா?” என்று அனுமதி கேட்பார். நான் முக்காலியைக் காட்டுவேன்.

வருஷங்கள் ஓடியும் அம்மா வாசனை வரவில்லை. மரம் திரும்பவும் கறுக்க ஆரம்பித்திருந்தது, உள்ளே ஏதோ ஒரு வாசனையும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவள் இல்லை. “கிட்ட வந்திருக்கு மாமா” என்பேன். அது பொய் இல்லை என்று நினைத்தேன். அவரும் ஏற்றுக்கொள்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதத்தில் அவர் போனார். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டரிடம் நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்: புகையாலா? இல்லை, நெஞ்சு, வயது என்றார். அதை நம்பத்தான் வேண்டும். நம்புகிற நாட்களும் உண்டு.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். யாரோ தலைமாட்டில் ஒரு ஊதுவத்திக் கட்டையே கொளுத்தி வைத்திருந்தார்கள். புட்டி வாசனை. எனக்குத் தலை வெடித்தது. அவருக்கு எந்த வாசனையும் தெரியாது, உயிரோடு இருந்தபோதே தெரியாது. ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் அணைத்துவிட்டு, தூபக்காலில் தணல் போட்டு, சாம்பிராணியும் வெட்டிவேரும் கமலா ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அந்த வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை எழுந்தது அதுதான் முதல் தடவை. இழுப்புக்காரருக்குப் பக்கத்தில் போய் இதை வைக்கிறாளே என்று ஒரு உறவுக்காரப் பெண்மணி சொன்னது காதில் விழுந்தது. என் கணவர் அவரைக் கையமர்த்தினார்.

காரியங்கள் முடிந்து வீடு காலியான பிறகு ஒரு சாயங்காலம், என்னால் அந்த வெறுமையைத் தாங்க முடியவில்லை. பழைய பழக்கத்தில் கை அலமாரிக்குப் போனது. அம்மாவைத் தேடித்தான் போனேன். துக்கம் வந்தால் திறப்பதுதானே அந்தப் பெட்டி. மூடியைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்தேன்.

சாம்பிராணி வந்தது. ஆரஞ்சுத் தோல் வந்தது. அதற்கடியில், மூலை இடுக்குகளிலிருந்து, லேசாக டர்பன்டைன் வந்தது. ஈரத் துண்டு கட்டிய முகம் வந்தது, வழியும் கண் வந்தது, நெஞ்சுக்குள் கேட்கும் விசில் வந்தது. அம்மா வரவில்லை. அம்மாவின் வாசனை எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. எப்போது மறந்தேன் என்பதும் தெரியவில்லை. அதற்காகவும் சேர்த்து அழுதேன். ஆனால் பெட்டி காலியாக இல்லை. யாரென்று ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் பெட்டியை உடனே மூடாமல், திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கேட்பதற்கு ஆள் இல்லை. நானாகவே சொன்னேன்.

“வந்துடுச்சு மாமா.”